ஒரே எழுத்து, இரண்டு வெட்டு



இராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒருமுறை சென்று வாருங்கள். சாலையோரத்தில் நாற்பதடிப் பெட்டிகளைச் சுமந்த கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். மணலியிலிருந்து எண்ணெய் ஏற்றிய டேங்கர்கள் கடந்து செல்லும். காசிமேட்டில் விசைப்படகுகள் தத்தம் பதிவெண்களோடு கரையை ஒட்டி நிற்கும். இவை ஒவ்வொன்றின் மீதும் எழுத்துகள் உள்ளன. முன்னொரு காலத்தில் தூரிகை பிடித்த ஓவியர்கள் ஏணியில் நின்று எழுதியவை அவை. இன்றோ அவற்றுள் பெரும்பாலானவை வினைல் தாளில் வெட்டி ஒட்டப்படுகின்றன. ‘ஸ்டிக்கர் கட்டிங்’, ‘ரேடியம் கட்டிங்’ என்று பலகை மாட்டிய சிறு கடைகளே இவற்றின் பிறப்பிடம்.

பத்துக்குப் பத்து அறை, ஒரு கணினி, இரண்டடி அகல வெட்டும் இயந்திரம் ஒன்று, சுவரோரம் சாத்திய வண்ண வண்ண ரோல்கள். இவ்வளவுதான் முதலீடு. நம் இளைஞர்கள் பலர் இத்தொழிலை நம்பிக் கடன் வாங்கி இறங்கியிருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாக்கப்பட்டது. அதனால் எண் பலகை வேலை பெருமளவு இக்கடைகளை விட்டுப் போயிற்று. எஞ்சியிருக்கும் வேலையில் ஒரு ரோல் வீணானாலும் அன்றைய இலாபம் அதோடு போய்விடும்.

அப்படி ரோலை வீணாக்கும் கோளாறுகளில் முதன்மையானது ‘டபுள் கட்டிங்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் இரட்டைக் கோடு. ஓர் எழுத்தின் விளிம்பை ஒருமுறை வெட்ட வேண்டிய இயந்திரம், அதே விளிம்பை இருமுறை வெட்டிவிடுகிறது. சில சமயம் இரண்டு கோடுகளும் அரை மில்லிமீட்டர் விலகி ஓடும். நடுவில் நூல் போன்ற ஒரு கீற்று எஞ்சும். சில சமயம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். அப்போது கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரியும். ஆனால் பிளேடு வினைலைத் தாண்டி அடியிலுள்ள பின்தாளையும் அறுத்திருக்கும். வேண்டாத பகுதியை உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும். எழுத்தின் அடிப்புறத்தில் தாள்துண்டு ஒட்டிக்கொண்டால் அந்த எழுத்து இரும்பில் எப்படி ஒட்டும்?

இது நேர்ந்தவுடன் கடையில் நடப்பது என்ன? “மெஷின் போச்சு” என்பார் உரிமையாளர். பழுது பார்ப்பவர் வருவார், பிளேடை மாற்றுவார், பிளேடு பிடிப்பானையும் மாற்றுவார். கோளாறு தீராது. இறுதியில் பழி, கணினியின் முன் அமர்ந்திருக்கும் பையன்மீது விழும். வீணான வினைலின் விலை அவனது வாரக் கூலியிலிருந்து கழிக்கப்படும். உண்மைக் காரணம் என்னவென்று எவரும் தேடியிருக்கமாட்டார்கள். ஆகவே காரணத்தைத் தேடும் முறையை இம்மாதம் வரிசையாகப் பார்ப்போம்.

இயந்திரம் எழுத்தை அறியாது

வெட்டும் இயந்திரத்துக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கணினி அதற்கு அனுப்புவது எழுத்தையன்று, நகர்வுக் கட்டளைகளையே. இத்தகைய இயந்திரங்களுள் பெரும்பாலானவை புரிந்துகொள்ளும் கட்டளை மொழி, ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் தன் வரைவு இயந்திரங்களுக்காக உருவாக்கிய எச்.பி.ஜி.எல். என்பதாகும். அதன் அடிப்படை மிக எளிது. ‘பேனாவைத் தூக்கு, இந்த இடத்துக்குப் போ. பேனாவை இறக்கு, அந்த இடம் வரை இழு.’ அவ்வளவுதான். இடத்தைக் குறிக்க ஒரு மில்லிமீட்டரை நாற்பது கூறுகளாகப் பிரித்து எண்ணுகிறார்கள். பேனா இருந்த இடத்தில் பிளேடை வைத்தால் வரைவு இயந்திரம் வெட்டும் இயந்திரமாகிவிடுகிறது. கடைகளில் இதனை இன்றும் ‘பிளாட்டர்’ என்று அழைப்பது இந்தப் பழைய உறவினால்தான்.

பெயர்ப்பலகைத் தொழிலில் இதனைப் பரப்பிய நிறுவனம் அமெரிக்காவின் கெர்பர். அதனை நிறுவிய ஜோசப் கெர்பர் 1924-இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940-இல் அமெரிக்கா சென்றவர். துணி வெட்டும் தொழிற்சாலைகளுக்குக் கணினி வெட்டியைக் கொடுத்த அவரது நிறுவனம், 1980-களின் தொடக்கத்தில் எழுத்து வெட்டும் இயந்திரத்தையும் கொண்டுவந்தது. தூரிகைக்காரர் ஒரு நாள் முழுவதும் எழுதியதை மணிக்கணக்கில் முடித்துவிடும் காலம் அப்போதே தொடங்கிவிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிளேடு ஒருமுறை சென்றால் ஒரு கோடுதான் விழும். ஒருமுறை மட்டும் சென்ற பிளேடு இரண்டு கோடுகளை இட முடியாது. எனவே எழுத்தைச் சுற்றி முழுவதுமாக இரட்டைக் கோடு ஓடினால், பிளேடு இருமுறை சென்றிருக்கிறது என்பது ஐயமற்ற உண்மை. அது இருமுறை சென்றதென்றால், இருமுறை செல்லும்படி யாரோ, எதுவோ கட்டளையிட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டளை எங்கே பிறந்தது என்று தேடுவதே நம் வேலை.

மூன்று சோதனைகள்

கோளாறு மூன்று இடங்களில் ஏதேனும் ஒன்றில் இருக்கும்: இயந்திரத்தில், வெட்டும் மென்பொருளின் அமைப்பில், அல்லது வரைந்த கோப்பில். இம்மூன்றையும் பிரித்தறிய ஐந்து நிமிடமும் உள்ளங்கையளவு துண்டு வினைலும் போதும்.

முதற் சோதனை: பெரும்பாலான இயந்திரங்களில் ‘டெஸ்ட் கட்’ என்ற பொத்தான் உண்டு. கணினியின் துணையின்றி இயந்திரம் தானாகவே ஒரு சிறு உருவத்தை வெட்டிக் காட்டும். இதில் ஒற்றைக் கோடு சுத்தமாக விழுந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தால், பிளேடு, பிடிப்பான், பெல்ட் ஆகியவற்றின்மீது உடனே குற்றம் சாட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் சோதனை: வரைகலை மென்பொருளில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து 25 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரையுங்கள். நிரப்பு வண்ணம் வேண்டாம். மெல்லிய விளிம்பு மட்டும் போதும். அதனை வழக்கம்போல் வெட்டுக்கு அனுப்புங்கள். சதுரம் இரட்டையாக வெட்டப்பட்டால் கோளாறு மென்பொருளின் அமைப்பில் உள்ளது.

மூன்றாம் சோதனை: சதுரம் ஒற்றையாக வந்து, வாடிக்கையாளரின் வேலை மட்டும் இரட்டையாக வந்தால் கோப்பே காரணம். சந்தேகம் இன்னும் தீராவிட்டால் பிளேடை எடுத்துவிட்டு, இயந்திரத்தோடு வரும் பேனாவைப் பொருத்தி, சாதாரணத் தாளில் அதே வேலையை வரையச் செய்யுங்கள். அருகில் நின்று பேனா ஒவ்வோர் எழுத்தையும் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒரு ரூபாய்த் தாளில் தெரிந்துவிடுவதை அறிய நாம் ஏன் ஒரு மீட்டர் வினைலைப் பலியிட வேண்டும்?

கோப்பில் ஒளிந்திருக்கும் காரணங்கள்

முதலாவது, தடித்த விளிம்பு. எழுத்துக்கு நிரப்பு வண்ணம் கொடுத்து, அழகுக்காக விளிம்புக் கோடும் கொடுத்திருப்பார்கள். திரையில் அது ஒரே எழுத்தாகத் தெரியும். ஆனால் 1 மில்லிமீட்டர் தடித்த விளிம்புக்கு உள்ளே ஓர் ஓரமும் வெளியே ஓர் ஓரமும் உண்டு. சில வெட்டும் மென்பொருள்கள் அவ்விரண்டு ஓரங்களையும் வெட்டுக்கோடாக எடுத்துக்கொள்ளும். 1 மில்லிமீட்டர் இடைவெளியில் இரட்டைக் கோடு விழும். வேறு சில, நிரப்புக்கு ஒருமுறையும் விளிம்புக்கு ஒருமுறையும் அதே பாதையில் செல்லும். தீர்வு எளிது: நிரப்பு, விளிம்பு இரண்டில் ஒன்றை நீக்குங்கள். இரட்டைக் கோடுகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். அது கோப்பிலுள்ள விளிம்பின் தடிமனுக்குச் சமமாக இருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

இரண்டாவது, நகலின்மேல் நகல். கோரல் டிராவில் விசைப்பலகையின் வலப்புற எண் பகுதியிலுள்ள கூட்டல் விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த உருவத்தின் நகல் அதே இடத்தில், மயிரிழையும் பிசகாமல் விழும். கை தவறி அழுத்தியவருக்கே அது தெரியாது. இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோலும் டி-யும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும். இதனைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கீழே நிலைப்பட்டையில் எத்தனை உருவங்கள் என்று பாருங்கள். ஐந்து உருவம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து என்று காட்டினால் விடை கிடைத்துவிட்டது. அல்லது, ஓர் எழுத்தைப் பிடித்து ஓரமாக நகர்த்துங்கள். பழைய இடத்தில் அதே எழுத்து இன்னமும் நின்றால் அது நகல்.

மூன்றாவது, ‘டிரேஸ்’ செய்த படம். வாடிக்கையாளர் தம் நிறுவனச் சின்னத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது புள்ளிகளால் ஆன படம். அதன் ஓரங்கள் மங்கியிருக்கும். கறுப்பு எழுத்துக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் இடையில் சாம்பல் நிறப் புள்ளிகள் மெல்லிய வளையமாகச் சூழ்ந்திருக்கும். அதனை அப்படியே வண்ணத்தில் டிரேஸ் செய்தால், மென்பொருள் அந்தச் சாம்பல் வளையத்தையும் ஒரு தனி உருவமாகப் பிரித்துவிடும். விளைவு, ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் இரண்டு கோடுகள். டிரேஸ் செய்வதற்கு முன் படத்தைக் கறுப்பு வெள்ளை இரண்டே நிறமாக மாற்றிவிட்டால் சாம்பல் வளையம் மறைந்துவிடும்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. எல்லா இரட்டைக் கோடும் பிழையன்று. பேனாவால் வரைந்த மெல்லிய கோடு ஒன்றை டிரேஸ் செய்தால் அதன் இரு கரைகளும் இரண்டு கோடுகளாக வரும். அக்கோட்டை வினைல் பட்டையாகவே ஒட்ட விரும்பினால் இரு கரைகளையும் வெட்டத்தான் வேண்டும். பட்டை வேண்டாம், ஒரு வெட்டு மட்டும் போதும் என்றால் ‘சென்டர்லைன் டிரேஸ்’ என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ட’ என்ற எழுத்தின் பட்டைக்கும் இரு கரைகள் உண்டல்லவா? எது எழுத்தின் கரை, எது வேண்டாத நகல் என்று பிரித்தறிவது மனிதக் கண்ணின் வேலை.

நான்காவது, மறைந்திருக்கும் அடுக்கு. அச்சிடுவதற்கு ஓர் அடுக்கு, வெட்டுவதற்கு ஓர் அடுக்கு என்று வைத்திருப்பார்கள். திரையில் ஒன்றை மறைத்துவிட்டால் அது போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறோம். சில மென்பொருள்கள் மறைத்ததையும் சேர்த்தே அனுப்பிவிடும். வெட்டுக்கு அனுப்பும் கோப்பைத் தனியே சேமித்து, வெட்டுக்கோடு தவிர மற்ற அனைத்தையும் அதிலிருந்து நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

இவற்றுள் சிலவற்றை ஒரே பார்வையில் காட்டிக் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. கோரல் டிராவில் ‘வயர்ஃபிரேம்’, இங்க்ஸ்கேப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘அவுட்லைன்’ என்ற காட்சி முறை இருக்கிறது. அதற்கு மாறினால் வண்ணங்கள் எல்லாம் உதிர்ந்து எலும்புக்கூடு போல் கோடுகள் மட்டும் நிற்கும். டிரேஸ் விட்டுச்சென்ற வளையமும், எழுத்தின்மேல் எழுத்தும் அங்கே ஒளிய முடியாது. தடித்த விளிம்பு மட்டும் இக்காட்சியில் மெல்லிய கோடாகவே தெரியும். அதனை விளிம்பின் அளவைப் பார்த்தே அறிய வேண்டும். சரியாக ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் நகலும் ஒரே கோடாகவே தெரியும்; அதற்கு எண்ணிக்கைச் சோதனைதான் மருந்து.

தமிழும் அரபியும் கேட்கும் தனிக் கவனம்

ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியே நிற்பவை. நம் எழுத்துகள் அப்படியல்ல. ‘கிடங்கு’ என்று எழுதுகிறோம். ‘கி’ என்பதில் ககரமும் அதன் மேல்வளைவும் சில எழுத்துருக்களில் இரண்டு தனி உருவங்களாக, ஒன்றோடொன்று சிறிது ஏறி அமைந்திருக்கும். திரையில் அவை ஒன்றாகத் தெரியும். வெட்டும்போதோ, இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரு கோடுகள் குறுக்கே ஓடி, வளைவு தனித்துண்டாக அறுந்துவிடும்.

அரபியில் இது இன்னும் பெரிது. அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறு எழுத்துகள் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேருவதில்லை. ஏனைய எழுத்துகள் எல்லாம் கைகோத்தே நடப்பவை. அந்த இணைப்பு அறுபட்டுத் தெரியாதிருக்க, எழுத்துருவை அமைப்பவர்கள் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தினுள் சற்று நுழையும்படி வைத்திருப்பார்கள். அச்சில் இது அழகு. வெட்டில் இது தொல்லை. ஒவ்வோர் இணைப்பிலும் இரட்டைக் கோடு குறுக்கிட்டு, ஒரே சொல்லாக ஒட்ட வேண்டியது நான்கு துண்டுகளாக உதிரும்.

தீர்வு ‘வெல்ட்’ என்னும் கட்டளை. முதலில் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றுங்கள். கோரல் டிராவில் கன்ட்ரோலும் க்யூ-வும் சேர்ந்த விசை அது. பிறகு ஏறி நிற்கும் உருவங்களைத் தேர்ந்தெடுத்து வெல்ட் செய்யுங்கள். உள்ளே குறுக்கிட்ட கோடுகள் கரைந்து வெளிக்கரை மட்டும் எஞ்சும். ‘கம்பைன்’ என்னும் மற்றொரு கட்டளையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பைன் செய்தால் உருவங்கள் ஏறி நின்ற இடம் ஓட்டையாகிவிடும். வெல்ட் பற்றவைப்பது, கம்பைன் ஒரே கயிற்றில் கட்டுவது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று ஆகாது.

சரிபார்க்கும் வழியும் எளிது. ‘மஸ்ஜித்’ என்ற அரபுச் சொல்லை எடுத்துக்கொள்வோம். மீம், ஸீன், ஜீம், தால் ஆகிய நான்கும் சேர்ந்தே எழுதப்படும். ஜீமுக்கு ஒரு புள்ளி உண்டு. எனவே வெல்ட் செய்த பிறகு ஓர் உடலும் ஒரு புள்ளியும் ஆக இரண்டு துண்டுகளே வெட்டப்பட வேண்டும். அதற்கு மேல் துண்டு விழுந்தால் எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அரபி வாசிக்கத் தெரிந்த ஒருவர் கணினியின் அருகே இரண்டு நிமிடம் அமர்ந்தால் இந்தப் பிழை கடை வாசலைத் தாண்டாது.

புள்ளிகளிடம் இன்னும் ஓர் எச்சரிக்கை. பா, தா, ஸா என்னும் மூன்று அரபு எழுத்துகளும் சொல்லின் நடுவே ஒரே உடலைக் கொண்டவை. கீழே ஒரு புள்ளியா, மேலே இரண்டா, மூன்றா என்பதே அவற்றைப் பிரிக்கிறது. தமிழிலும் புள்ளி விழுந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். இரட்டை வெட்டு விழுந்த சிறு புள்ளி, உரிக்கும்போது கீற்றோடு சேர்ந்து போய்விடும். திருவசனமோ திருநாமமோ அடங்கிய ஸ்டிக்கர் இவ்வாறு பழுதாகிவிட்டால் அதனைக் குப்பையில் எறியவும் மனம் ஒப்பாது, ஒட்டவும் முடியாது. இத்தகைய வேலையை முதலில் பேனாவால் தாளில் வரைந்து பார்ப்பதே முறை. பார்த்த பிறகு அத்தாளையும் மதிப்போடு பேண வேண்டும் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

அமைப்பிலும் இயந்திரத்திலும்

சோதனைச் சதுரமும் இரட்டையாக வந்தால் வெட்டும் மென்பொருளின் அமைப்பைத் திறந்து பாருங்கள். எத்தனை முறை வெட்ட வேண்டும் என்று கேட்கும் கட்டம் ஒன்று அங்கே இருக்கும். ஒளி பிரதிபலிக்கும் தடித்த ரேடியம் தாளை வெட்டும்போது ‘2’ என்று வைத்திருப்பார்கள். மறுநாள் சாதாரண வினைலை ஏற்றும்போது அதனை ‘1’ ஆக்க மறந்துவிடுவார்கள். பல கடைகளில் மர்மமாகப் பேசப்படும் கோளாறு இந்த ஓர் எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. அனுப்பும் பொத்தானை இருமுறை அழுத்தி, ஒரே வேலை வரிசையில் இருமுறை காத்திருப்பதும் உண்டு.

இயந்திரத்தின் பங்கு எப்போது வருகிறது? கோடு முழுவதும் ஒற்றையாக இருந்து, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மட்டும் சேராமல் விலகி நின்றால் அது இயந்திரக் குறை. பிளேடு பிடிப்பானின் திருகு தளர்ந்திருக்கலாம், பெல்ட் தொய்ந்திருக்கலாம், தாள் நழுவியிருக்கலாம். இரட்டைக் கோடுகளின் இடைவெளி சீராக இல்லாமல், வேலை நீள நீள அகன்றுகொண்டே போனால் குற்றவாளிகள் இருவர்: கோப்பில் ஒரு நகல், தாளில் ஒரு நழுவல். நகல் தனித்திருந்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்திருக்கும். நழுவல்தான் அவற்றை விலக்கிக் காட்டுகிறது.

நழுவலைத் தடுக்க, தாளை அழுத்தும் சிறு உருளைகள் அடியிலுள்ள சொரசொரப்பான உருளைப் பகுதிக்கு நேர் மேலே அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வேலைக்குத் தேவையான நீளத்தை ரோலிலிருந்து முன்னரே தளர்த்தி விடுங்கள். இயந்திரமே கனத்த ரோலை இழுக்குமாறு விட்டால் ஒவ்வோர் இழுப்பிலும் தாள் சற்றே பின்வாங்கும். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் காற்றின் ஈரம் அதிகம். பின்தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். சாலைப் புழுதி உருளைகளில் படியும். ரோல்களைப் பையிலிட்டு வைப்பதும், உருளைகளை அன்றாடம் துடைப்பதும் இங்கே ஆடம்பரமல்ல. மூலைகள் மழுங்குவதும், மூலைகளில் காது முளைப்பதும் வேறு நோய்கள். அவை பிளேடின் ‘ஆஃப்செட்’ எண் தவறியதால் வருபவை. பல பிளேடுகளுக்கு அது 0.25 மில்லிமீட்டர்.

ஒரு கீற்றினால் என்ன வந்துவிடும்?

“நூலளவு கீற்றுக்கு இத்தனை பேச்சா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மணலிச் சாலையில் செல்லும் டேங்கரின் பின்புறத்தைப் பார்க்கட்டும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134-ஆவது விதி, அபாயகரமான பொருள் ஏற்றும் வாகனத்தின் இருபுறமும் பின்புறமும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்கிறது. பொருளின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், அதற்குரிய ஐ.நா. எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இலக்கத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆபத்தில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு 1203, சமையல் எரிவாயுவுக்கு 1075, அமோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017. விபத்து நேர்ந்தால் தீயணைப்பு வீரர் தொலைவில் நின்று முதலில் தேடுவது இந்த இலக்கங்களைத்தான். தண்ணீர் பாய்ச்சலாமா, மக்களை எவ்வளவு தூரம் அகற்ற வேண்டும் என்பன அதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன.

இரட்டை வெட்டு விழுந்த இலக்கம் ஒட்டும்போது நன்றாகவே தெரியும். ஆனால் கரையில் எஞ்சிய கீற்று வெயிலில் சுருளும். வண்டியைக் கழுவும் தண்ணீர் அதனடியில் நுழையும். கீற்று தூக்கினால் அதைப் பற்றிக்கொண்டு இலக்கத்தின் ஒரு பகுதியும் உரியும். 1017 என்பதில் ஏழின் தலைக்கோடு உரிந்துபோனால் எஞ்சுவது 1011 போலத் தோன்றும். 1011 பியூட்டேன் வாயுவின் எண். நச்சு வாயுவான குளோரினுக்கும் தீப்பற்றும் வாயுவான பியூட்டேனுக்கும் ஒரே நடவடிக்கை எப்படிப் பொருந்தும்?

2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததை நாம் மறந்திருக்க முடியாது. உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடின. பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அங்கே கசிந்தது குழாய், லாரியன்று. ஆயினும் காற்றில் கலந்தது எதுவென்று உடனே அறிவதன் மதிப்பை அந்த இரவு நம் பகுதிக்குக் கற்றுத் தந்தது. அந்த அறிவைச் சாலையில் சுமந்து செல்வது ஒரு ஸ்டிக்கர். அதனை வெட்டுவது நம் தெருமுனைக் கடை.

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னரின் எண்ணிலும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்பது அதன் உலகப் பொது அமைப்பு. ஓர் இலக்கம் சிதைந்து தவறாகப் படிக்கப்பட்டால், கணக்கு ஒத்துவராமல் போய்ப் பெரும்பாலும் பிழை வெளிப்படும். டேங்கரின் பலகைக்கு அப்படியொரு காவல் இலக்கம் கிடையாது. அங்கே காவலர், வெட்டுபவரும் ஒட்டுபவருமே.

கூலியைப் பிடிக்கும் முன்

கடை நடத்தும் சகோதரர்களே! ஒரு ரோல் வீணானது உங்களுக்கு இழப்பு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இழப்பைப் பையனின் கூலியில் எழுதுவதற்கு முன் மேற்சொன்ன மூன்று சோதனைகளைச் செய்துவிட்டீர்களா? கோப்பு வாடிக்கையாளர் அனுப்பியதாக இருக்கலாம். முந்தைய நாள் ரேடியம் வெட்டியவர் மாற்ற மறந்த எண்ணாக இருக்கலாம். இறுக்கப்படாத திருகாக இருக்கலாம். காரணம் தெரியாமல் பிடித்த கூலி, கோளாறையும் தீர்க்காது. அடுத்த வாரம் அதே கோடு மறுபடியும் விழும். நல்ல இயந்திரத்தைப் பழுதென்று எண்ணிக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, புதியதற்குக் கடன் வாங்கினாலும் அதே கோப்பு அதே கோட்டைத்தான் வெட்டும்.

கணினியின் முன் அமரும் இளைஞர்களே! வெட்டுக்கு அனுப்பும் முன் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகளை மட்டும் காட்டும் காட்சிக்கு மாறுங்கள். விளிம்பின் தடிமனைப் பாருங்கள். உருவங்களை எண்ணுங்கள். ஏறி நிற்பவற்றை வெல்ட் செய்யுங்கள். எத்தனை முறை வெட்டு என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. புதிதாக வேலைக்கு வரும் தம்பிக்கு முதல் நாளிலேயே அந்தத் தாளைக் காட்டுங்கள். இரட்டை வெட்டு விழுந்த இலக்கத்தை “இது போதும்” என்று டேங்கரில் ஒட்டிவிடாமல், இன்னொன்றை வெட்டிக் கொடுக்கும் உறுதியையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்குச் செலவாவது ஓர் அடி வினைல்தான்.